அவர் செத்துப்போனால் என்ன செய்வீர்கள்?

சென்ற பருவத்தின் இறுதியில் எங்கள் துறையின் பாடத்திட்டக் குழு கூடியது. இளங்கலை மூன்றாம் ஆண்டுக்குரிய ‘கணினித் தமிழ்’ தாளைத் திருத்தியமைப்பது அன்றைய வேலை. அந்தத் தாளில் ஐந்து அலகுகள். கணினியின் தலைமுறைகள் உண்டு. அதன் உறுப்புகளுக்குக் கலைச்சொற்கள் உண்டு. இணையத் தமிழின் வரலாறு உண்டு. ஒரு மாணவி தன் கையால் ஒரு கோப்பைத் திறந்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் இடமில்லை. இந்தக் குறையைத் தீர்க்க நான் ஒரு முன்மொழிவு வைத்தேன். அலங்காரம் ஏதுமற்ற வெற்றுரைக் கோப்புகளில் எழுதவும் தேடவும் இரண்டு பாடங்களை ஒப்பிடவும் மாணவர்கள் பழக வேண்டும். அதற்கு ‘விம்’ என்னும் எடிட்டரைக் கற்றுத்தரலாம் என்றேன்.

‘பாத்திரம் துலக்குவதற்கா சார்?’ என்றார் இளையவர் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் குழுவில் மூத்தவரான பேராசிரியர் கேட்டார்.

‘இதை எந்த நிறுவனம் செய்கிறது?’

‘நிறுவனம் இல்லை ஐயா. நெதர்லாந்துக்காரர் ஒருவர் செய்தது. பிராம் மோலெனார் என்று பெயர்.’

‘விலை?’

‘விலை இல்லை. மூலநிரலும் திறந்தே இருக்கிறது.’

‘ஆக, ஒரு தனி ஆள் சும்மா கொடுக்கிற சின்னச் சாமானை நம்பி நாம் பாடம் வைக்க வேண்டும். நாளைக்கே அவர் செத்துப்போனால் என்ன செய்வீர்கள்?’

‘செத்துவிட்டார் ஐயா. 2023 ஆகஸ்டு 3ஆம் தேதி. எடிட்டர் இருக்கிறது.’

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தேநீர் வந்தது. பதிவேட்டில் ‘அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

அந்தப் பேராசிரியர்மீது எனக்கு மரியாதை உண்டு. முனைவர் பட்டத்துக்காக அவர் ஆய்ந்தது தமிழ்ச் சிறுபத்திரிகைகளை. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’வைத் தொடங்கி 1970 வரை அதைத் தோளில் சுமந்த கதையை அவர் சொன்னால் கடைசி வரிசையும் அமைதியாகிவிடும். அந்த வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, ‘தனி ஆள் நடத்தும் பத்திரிகையை நம்பி எப்படிக் கவிதை எழுதுவது, அவர் செத்துப்போனால்?’ என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்தபடியே அன்று பேருந்தில் வீடு திரும்பினேன். கூட்டத்தில் சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல நினைப்பவர்கள் இலக்கிய வாசகர்களுக்குள்ளும் நிறைய இருக்கிறார்கள் என்பது இங்கே எழுதுவதற்குக் காரணம்.

அவருடைய கேள்விக்குள் மூன்று நம்பிக்கைகள் ஒளிந்திருந்தன. சிறியது என்றால் குறையுள்ளது. இலவசம் என்றால் மதிப்பற்றது. தனி ஆள் செய்தது என்றால் நிலையற்றது. மூன்றும் பிழை என்பது என் கட்சி. அதற்கு முன், ஒரு தமிழாசிரியனுக்கு நிரலாளர்களின் கருவியோடு என்ன உறவு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

*

2003இல் நான் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டை ஒரு டி.டி.பி. மையத்தில் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். அன்றைய வழக்கப்படி ஏதோ ஓர் எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, நெகிழ்வட்டு ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். எட்டாண்டுகள் கழித்து அதிலிருந்து ஒரு கட்டுரை எடுக்கலாம் என்று கோப்பைத் திறந்தால் திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகளும் காசுக் குறிகளும். மையம் மூடப்பட்டிருந்தது. எழுத்துருவும் கிடைக்கவில்லை. நான் இரண்டு ஆண்டுகள் உழைத்த உரை என் மேசையிலேயே இருந்தது. என்னால்தான் அதைப் படிக்க முடியவில்லை.

என் தம்பி நிரலாளன். கோப்பிலிருந்த உரையை மட்டும் உருவியெடுத்து விம்மில் திறந்தான். ‘அண்ணா, இது கெட்டுப்போகவில்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் வேறோர் எழுத்து வேடம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்’ என்றான். அச்சுப்படியை நான் படிக்க, எது எதற்கு வேடம் என்று அவன் பட்டியல் போட்டான். சிக்கல் கொம்பில் வந்தது. பழைய எழுத்துருக்களில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கண்ணுக்குத் தெரிகிறபடி மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடிலோ ஒலிக்கிற முறைப்படி மெய்க்குப் பின்னால் வர வேண்டும். கொம்பையும் அடுத்த எழுத்தையும் கோப்பு முழுக்க இடம் மாற்ற அவன் எழுதிய கட்டளை ஒரே ஒரு வரி. நூற்று நாற்பது பக்கமும் ஒரு மாலையில் திரும்பி வந்தன.

எழுத்தை எழுத்தாகவே காட்டி, எழுத்தாகவே சேமிக்கிற கருவிக்குத்தான் எடிட்டர் என்று பெயர். பக்க அழகு, எழுத்துரு, தடித்த தலைப்பு எதுவும் அதன் பொறுப்பில் இல்லை. நிரலாளர்கள் அதைப் பயன்படுத்துவதற்குக் காரணம் ஒரு புள்ளி இடம் மாறினாலும் அவர்களின் நிரல் ஓடாது என்பது. பாடபேதம் பார்க்கிறவனுக்கும் புள்ளிதானே உயிர்? ஏட்டில் புள்ளி இல்லாமல் தவித்த பதிப்பாசிரியர்களின் வழிவந்தவர்கள் நாம்.

*

முதல் நம்பிக்கைக்கு வருகிறேன்: சிறியது என்றால் குறையுள்ளது.

விம்முக்கு முன்னோடியான வி.ஐ. எடிட்டரை பில் ஜாய் 1976இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதினார். வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணினியோடு அவரை இணைத்தது நொடிக்கு 300 பிட் வேகத்தில் ஓடிய ஒரு தொலைபேசி இணைப்பு. நொடிக்கு ஏறத்தாழ முப்பது எழுத்துகள். அந்த வேகத்தில் திரையை மறுபடி மறுபடி வரைய முடியாது; நீளமான கட்டளையும் கட்டுப்படியாகாது. ஆகவே கட்டளைகள் ஓரெழுத்து ஒருமொழிகளாயின. அந்தச் சிக்கனத்திலிருந்து ஓர் இலக்கணம் பிறந்தது. ‘டி’ என்பது அழி என்னும் வினை. ‘டபிள்யூ’ என்பது சொல். இரண்டையும் சேர்த்தால் ஒரு சொல் அழியும். நடுவில் 3 என்று எண்ணை வைத்தால் மூன்று சொற்கள் அழியும். தமிழில் செயப்படுபொருள் முன்னும் வினை பின்னும் வரும். இங்கே தலைகீழ், அவ்வளவே வேறுபாடு. பத்து வினைகளும் பத்துப் பெயர்களும் கற்றவனுக்கு நூறு கட்டளைகள் கிடைக்கின்றன. நூறு பொத்தான்களைத் திரையில் அடுக்குவது வேறு. நூறு தொடர்களைப் பிறப்பிக்கும் ஓர் இலக்கணத்தைக் கையில் கொடுப்பது வேறு. இலக்கணம் படித்த நமக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் சென்ற ஒன்றையும் பார்ப்போம். 2014இல் கிட்ஹப் நிறுவனம் ‘ஆட்டம்’ என்ற எடிட்டரை வெளியிட்டது. இதுவும் திறமூலம்தான், பார்க்க அழகானது. உள்ளே ஒரு முழு இணைய உலாவி அடங்கியிருந்தது. எழுத்தைத் திரையில் காட்ட ஓர் உலாவி. உலாவியை ஓட்ட அதன் முழுச் சுமை. தொடக்ககாலப் பதிப்புகளில் 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அதனால் திறக்கவே முடியவில்லை. 2 மெகாபைட் என்பதை நம் கணக்கில் சொல்கிறேன். கம்பராமாயணம் சுமார் பத்தாயிரம் பாடல்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. பாட்டுக்கு நூறு குறி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 3 மெகாபைட் ஆகிவிடும். உலகின் மிகப்பெரிய நிரல் களஞ்சியத்தை நடத்திய நிறுவனத்தின் எடிட்டரால் கம்பனைத் திறக்க முடியாதிருந்தது. 1991இல் ஒரு தனி மனிதர் வெளியிட்ட எடிட்டரின் அன்றைய பதிப்பு கம்பனை முணுமுணுப்பின்றித் திறந்தது. எது குறையுள்ளது?

பாஸ்கல் நிரல்மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995இல் மெலிந்த மென்பொருளுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகமாவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். முக்கியமானதை விட்டுப் பிரித்தறியாமல் எல்லா வசதிகளையும் சேர்ப்பதே காரணம் என்றார் அவர். நிறுவனத்தில் இருபது பேர் இருந்தால் இருபது வசதிகள் சேரும். ‘இது வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் சம்பளம் தரப்படுவதில்லை. தன் நேரத்தைச் செலவிட்டு ஒரு கருவியைப் பேணுகிறவனோ சேர்க்கும் ஒவ்வொன்றையும் தானே வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டும். அவன் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்கிறான். எடைக் குறைவு என்பது வறுமை அல்ல. ஆயிரம் முறை மறுத்து எடுத்த முடிவு. நல்ல சிறுகதை சிறியதாக இருப்பது எழுத்தாளனுக்குத் தாள் கிடைக்காததாலா?

இன்னோர் உதாரணம். சிசிலியைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ 2016இல் ‘கிலோ’ என்ற எடிட்டரை வெளியிட்டார். சி மொழியில் ஆயிரம் வரிக்கும் குறைவு. கோப்பைத் திறக்கும், திருத்தும், தேடும், நிரலின் சொற்களை வண்ணம் பிரித்துக் காட்டும். வேறு எந்த நூலகத்தையும் சார்ந்ததில்லை. பக்கத்துக்கு நாற்பது வரி என்று அச்சிட்டால் இருபத்தைந்து பக்கம். ஒரு நெடுங்கதையின் அளவு. பொறுமையுள்ள மாணவர் ஒரு வாரத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிடலாம். எடிட்டர் எழுதக் கற்பதற்காகவே பலர் அதை வாசிக்கிறார்கள். முழுவதும் வாசிக்க முடிகிற அளவில் ஒரு கருவி இருப்பது எத்தனை பெரிய விடுதலை என்பதை, வாசிப்பையே தொழிலாகக் கொண்ட நாம் உணர வேண்டாமா?

*

இரண்டாவது நம்பிக்கை: இலவசம் என்றால் மதிப்பற்றது.

வி.ஐ. எடிட்டரின் மூலநிரல் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் உரிமத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. 2002 வரை அந்தக் கட்டு அவிழவில்லை. ஆகவே அதைப் போன்ற ஒன்றைப் புதிதாக எழுதியே தீர வேண்டியிருந்தது. டிம் தாம்சன் 1987இல் அடாரி கணினிக்காக ‘ஸ்டீவி’ என்ற சிறு எடிட்டரை எழுதிப் பொதுவில் விட்டார். மோலெனாரிடம் இருந்தது அமிகா கணினி. அவர் 1988இல் ஸ்டீவியை எடுத்து அமிகாவுக்கு ஏற்பத் திருத்தத் தொடங்கினார். 1991 நவம்பரில் அது வெளியே வந்தது. எப்படி வந்தது தெரியுமா? பிரெட் ஃபிஷ் என்பவர் அமிகா பயனர்களுக்காக நல்ல நிரல்களைத் திரட்டி வட்டுகளாக்கிச் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் 591ஆம் வட்டில். ஒருவர் எழுத, ஒருவர் திரட்ட, தபாலிலும் கைமாற்றிலும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த இந்த முறைக்குத் தமிழ் வாசகருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நாம் அதைச் சிறுபத்திரிகை என்போம்.

விம் என்பதற்கு முதலில் ‘வி.ஐ.யின் போலி’ என்று பொருள் வைத்திருந்தார். பின்னர் அது ‘மேம்பட்ட வி.ஐ.’ ஆயிற்று. 1994இல் மோலெனார் தெற்கு உகாண்டாவில் கிபாலே என்ற ஊரிலுள்ள குழந்தைகள் மையத்துக்குத் தன்னார்வலராகச் சென்று, ஓராண்டு நீர், துப்புரவுப் பணிகளில் பொறியாளராக உழைத்தார். எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகள் மிகுந்த பகுதி அது. திரும்பி வந்து அந்த மையத்துக்கு உதவ ஒரு சிறு அறக்கட்டளையை ஏற்படுத்தினார். விம்முக்கு அவர் கேட்ட விலை அதுதான். விம்மை வெறுமனே திறந்தவர்கள் பல்லாண்டுகளாகக் கண்ட முதல் திரையில், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி ஒரு வரி வேண்டுகோள் இருந்தது. அடைக்கலம் கேட்கிற தொனியில்லை, மிரட்டல் இல்லை, முப்பது நாளில் பூட்டிக்கொள்ளும் தந்திரம் இல்லை. கொடுத்தால் குழந்தைகளுக்கு; கொடுக்காவிட்டாலும் எடிட்டர் உன்னுடையது.

ஆக அது இலவசம் அல்ல. விலையை நம் மனசாட்சியிடம் விட்டிருந்தார், அவ்வளவே. விலைச்சீட்டு ஒட்டாத பொருளுக்கு மதிப்பில்லை என்று நினைப்பது சந்தையின் பழக்கம். அது இலக்கியவாதிகளின் வாயிலிருந்து வரும்போதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விலைபோகாத கவிதைத் தொகுப்புகளுக்கு முன்னுரை எழுதியே நரைத்தவர்கள் நாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மோலெனார் முழுநேரத் துறவி அல்லர். 2006 முதல் கூகிள் நிறுவனத்தின் சூரிச் அலுவலகத்தில் வேலை பார்த்தார். சம்பளம் வாங்கினார். அதனால் விம் கூகிளின் சரக்காகிவிடவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை, பெயருக்குரிய வேலை இன்னொன்று என்பது தமிழ் எழுத்தாளனுக்குப் புதிதா? அஞ்சலகத்திலும் வங்கியிலும் மின்வாரியத்திலும் இருந்துகொண்டுதான் நம் நவீன இலக்கியத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டது.

*

மூன்றாவது நம்பிக்கை: தனி ஆள் செய்தது நிலையற்றது. பேராசிரியரின் கேள்வியில் கனமானது இதுதான். ஆகவே இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்குக் கிட்ஹப்பை வாங்குவதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்டிடம் 2015இலேயே ‘விஷுவல் ஸ்டுடியோ கோட்’ என்ற எடிட்டர் இருந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு எடிட்டர் எதற்கு? 2022 ஜூனில் ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. டிசம்பர் 15ஆம் தேதி அதன் மூலநிரல் காப்பகத்தில் வைக்கப்பட்டது. எட்டாண்டு ஆயுள். யாரும் சாகவில்லை. நிறுவனம் திவாலாகவும் இல்லை. நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தப்பட்டது. ‘பல்சர்’ என்ற பெயரில் அதைத் தொடர்ந்து எடுத்து நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள். ‘நிறுவனம் மனத்தை மாற்றிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?’ என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

2023 ஆகஸ்டில் தம் 62ஆம் வயதில் மோலெனார் காலமானார். பல்லாண்டுகள் விம்முக்குத் திருத்தங்கள் அனுப்பிவந்த கிறிஸ்டியன் பிராபாண்ட் பேணும் பொறுப்பை ஏற்றார். வேறு சிலரும் தோள் கொடுத்தார்கள். 2024 ஜனவரி 2ஆம் தேதி 9.1 பதிப்பு வெளிவந்தது. அது மோலெனாரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. ஐந்தே மாதம். மூலநிரல் திறந்திருந்தது, கையேடுகளை அவரே விரிவாக எழுதி வைத்திருந்தார், அவர் எப்படி யோசிப்பார் என்று அறிந்தவர்கள் இருந்தார்கள். ஆசிரியர் மறைந்தாலும் மாணவர் பரம்பரை ஏட்டைப் படியெடுத்துக்கொண்டே வந்ததால்தான் சங்கப் பாடல் நம் கைக்கு வந்தது. அங்கே நாம் ‘நிறுவனம் எங்கே?’ என்று கேட்கவில்லை.

தனி ஆளின் ஆட்சியில் தவறே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். எடிட்டரில் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வழிசெய்யும் திருத்தம் ஒன்றை மோலெனார் ஏற்கவில்லை. அதை முன்வைத்த பிரேசில் நிரலாளர் தியாகோ தெ அர்ருதா 2014இல் விம்மைப் பிரித்தெடுத்து ‘நியோவிம்’ என்று தனிக்குடித்தனம் தொடங்கினார். மறுப்பதே கலை என்றேன். அந்த மறுப்பும் தவறாகலாம் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2016இல் வந்த விம் 8.0 பின்னணியில் வேலைகளை ஓட்டும் வசதியோடு வந்தது. பிரிந்து போனவர் வென்றார், பிரியவிட்டவரும் திருந்தினார், இரண்டு எடிட்டர்களும் இன்று வாழ்கின்றன. ஆசிரியரோடு முரண்பட்டவர் வெளியேறி இன்னொரு பத்திரிகை தொடங்குவதும், அதனால் இரண்டுமே கூர்மையாவதும் நம் ஊரிலும் நடந்ததுதானே? மூலநிரல் பூட்டப்பட்டிருந்தால் அர்ருதாவுக்கு எஞ்சியிருக்கக்கூடியது புலம்பல் மட்டும்.

இதைவிடக் கடுமையான எதிர்வாதம் ஒன்றுண்டு. அதை நானே எடுத்து வைக்கிறேன். எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ஒரு சிறு திறமூல மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருப்பது. அதைப் பல்லாண்டுகளாக ஏறத்தாழத் தனியாளாகப் பேணியவர் லாஸே கொலின். அவர் சோர்ந்திருந்த காலத்தில் முகமறியாத சிலர் ‘ஏன் தாமதம், பொறுப்பை வேறொருவருக்குக் கொடு’ என்று நெருக்கினார்கள். உதவ வந்தவர்போல ஒருவர் உள்ளே நுழைந்தார்; 2024இல் அதற்குள் ஒரு கள்ளவாசலைப் பொருத்தினார். தனி ஆளை நம்பினால் இதுதான் கதி என்று அப்போது பலர் எழுதினார்கள்.

நான் அந்தக் கதையை வேறு விதமாகப் படிக்கிறேன். கொலினைத் தனிமைப்படுத்தியது யார்? அவருடைய உழைப்பின்மேல் மாளிகை கட்டிய நிறுவனங்களும், அவர் பெயரைக்கூட அறியாமல் பயன்படுத்திய நாமும். அவருக்கு வந்த கடிதங்களில் வன்மம் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் போதிய ஆதரவுக் குரல் இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்தக் கள்ளவாசலைக் கண்டுபிடித்தவர் ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதை அவர் கவனித்தார்; ஏன் என்று தோண்டினார். வேலை செய்தது மைக்ரோசாஃப்டில்தான். ஆனால் கண்டுபிடித்தது தனி ஒருவருடைய கவனம். அரை நொடி வீணாவதைப் பொறுக்காத அந்த மனம்தான் எடை குறைந்த மென்பொருளைச் செய்கிற மனமும். எல்லாம் மந்தமாக இருப்பதே இயல்பு என்று பழகிவிட்ட உலகத்தில் அந்த அரை நொடி யார் கண்ணிலும் பட்டிருக்காது.

*

பெரிய நிறுவனங்களின் எடிட்டர்களை எரிக்கச் சொல்லவில்லை. என் தம்பியே அலுவலகத்தில் விஷுவல் ஸ்டுடியோ கோடைப் பயன்படுத்துகிறான். நல்ல கருவி என்கிறான். அதன் மூலநிரல் திறந்த உரிமத்தில் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தொகுத்துத் தரும் பொதியோ அந்நிறுவனத்தின் வேறோர் உரிமத்தில் வருகிறது. நீங்களாக நிறுத்தாதவரை பயன்பாட்டு விவரங்களை அனுப்பிக்கொண்டும் இருக்கும். அதற்காகவே அந்தப் பகுதிகளை நீக்கி ‘விஎஸ்கோடியம்’ என்று தனியே தொகுத்துத் தருகிறார்கள் தன்னார்வலர்கள். திறந்திருப்பது எது, நம் கைக்கு வருவது எது என்று பிரித்துப் பார்க்கக் கற்பிப்பதும் ‘கணினித் தமிழ்’ தாளின் வேலை என்பேன்.

விம்மில் நமக்குக் குறைகள் உண்டு என்பதையும் சொல்கிறேன். எழுத்துக்கொரு சம அகலக் கட்டம் ஒதுக்கும் முனையத் திரைகளில் நம் எழுத்துகள் நெருங்கியும் சிதறியும் தெரிகின்றன; ‘கொ’வின் கொம்பும் காலும் ஒட்டாமல் நிற்பதுண்டு. கற்பதும் எளிதல்ல. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று நிரலாளர்கள் கேட்கும் தளம் ஒன்றில் பதிவான கேள்வியை 2017க்குள் பத்து லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கூடவே வரும் பயிற்சிப் பாடத்தை முடிக்க அரைமணி போதும். அந்த அரைமணியை நாம் கொடுப்பதில்லை. மறுபக்கத்தில், விம்மோடு வரும் விசைப்பலகைக் கோப்புகளுக்குள் ‘டிஸ்கி’ முறைத் தமிழுக்கான கோப்பு ஒன்றும் இருக்கிறது. யாரோ ஒரு தமிழர் அனுப்பியிருக்க வேண்டும். நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நமக்காக நாம் எழுதி அனுப்பினால் இடம் கிடைக்கும் என்பதற்கு அந்தச் சிறு கோப்பு சாட்சி. நிறுவனத்தின் கதவைத் தட்டினால் சந்தை எவ்வளவு பெரியது என்று கேட்பார்கள்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இந்த வழியில் வந்ததுதான். உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி வைத்ததால் இன்று என் மாணவி பேருந்தில் போகும்போதே கைப்பேசியில் குறுந்தொகையைத் தேடுகிறாள். அதை நாம் மேடையில் பாராட்டுகிறோம். அதைச் சாத்தியமாக்கும் வகைக் கருவிகளைச் செய்கிறவனைத் ‘தனி ஆள், சின்னச் சாமான்’ என்று தள்ளுகிறோம். இந்த இரட்டை நாக்கைத்தான் நான் எதிர்க்கிறேன்.

என் கோரிக்கை சிறியது. சிறுபத்திரிகைக்குச் சந்தா கட்டுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. நாம் அன்றாடம் பயன்படுத்துகிற எழுத்துருவோ எடிட்டரோ குறியீடு மாற்றியோ, எதுவானாலும் அது தனி ஒருவர் பேணுவதாக இருந்தால் அவர் பெயரைத் தெரிந்துகொள்வோம். ஆண்டுக்கொரு முறை சந்தாவைப் போல ஒரு தொகை அனுப்புவோம். பணமில்லை என்றால் நான்கு வரிக் கடிதம். பிழை கண்டால் முறையான குறிப்பு. அவர் செத்துப்போனால் என்ன செய்வது என்ற கேள்வியை அவர் உயிரோடிருக்கும்போதே நமக்கு நாம் கேட்டுக்கொள்வோம். அவரிடம் கேட்க வேண்டாம்.

அடுத்த மாதம் பாடத்திட்டக் குழு மீண்டும் கூடுகிறது. இருபத்தைந்து பக்கத்தில் அச்சிட்ட ஒரு முழு எடிட்டரும், மீட்டெடுத்த என் ஆய்வேட்டின் முதல் பக்கமும் கொண்டுபோகிறேன். முன்மொழிவு அதேதான்.